ஆர்தருக்கு ஏற்றாத திரி

உருகும் மெழுகும் செவ்வந்தியும் கலந்த வாசம் எங்கே வந்தாலும், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலும் அதன் வாசலில் நின்ற ‘வெள்ளைக்காரக் கல்லும்’தான் எனக்கு ஞாபகத்துக்கு வரும். உலகப் போரின்போது அருகிலிருந்த ஓடுதளத்திலிருந்து பர்மாவில் குண்டு போடக் கிளம்பிய விமானம் ஒன்று எங்கள் கண்மாய்க்குள் எரிந்து விழ, அதிலிருந்தவர்களின் பெயர்களை வெட்டி ஊர் வைத்த கல் அது.

அழ ஆளில்லாமல் செத்தவர்கள் என்பதால், கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்கு ஒரு பெயராகப் பங்கு பிரித்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஆர்தர். “எங்க ஆர்தர்தான் பிளேன் ஓட்டுனாரு” என்று பள்ளியில் கூசாமல் அடித்துவிடுவேன். அம்மா அவருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே தன் ‘ஐயா’வுக்கும், அதாவது என் தாத்தாவுக்கும், ஒன்று ஏற்றுவாள். செட்டியார் கடை வேலைக்காக பர்மா போன தாத்தா போரோடு போனவர்தான். தகவலும் இல்லை, கல்லறையும் இல்லை.

நான் ஆறாவது படிக்கும்போது, கம்பூன்றிய வெள்ளைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். கல்லில் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே வந்தவர், எங்கள் வீட்டுப் பெயரில் நின்றுவிட்டார். பங்குச்சாமியார் விசாரித்துத் தமிழில் சொன்னார்: அவர்தான் ஆர்தர். விமானம் தீப்பிடித்ததுமே பாராசூட்டில் குதித்து, எங்கோ தள்ளி விழுந்து பிழைத்த மனிதரை, மற்றவர்களோடு சேர்த்து நாங்கள் சாகடித்திருந்தோம். பெயரை அழித்துவிடலாம் என்றார் சாமியார். கூட்டாளிகளோடு இருக்கட்டும் என்று ஆர்தர் மறுத்துவிட்டார்.

அம்மாதான் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள். “உசிரோட இருக்கவுகளுக்கு வருசா வருசம் திரி ஏத்தியிருக்கேனே, மன்னிச்சிரச் சொல்லுங்க சாமி” என்றாள். அதைக் கேட்டுச் சிரித்த ஆர்தர், அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அடுத்த திருநாளில் அம்மா கல்லுக்கு மாலை மட்டும் போட்டாள். ஆர்தருக்குத் திரி ஏற்றவில்லை; தாத்தாவுக்கும் ஏற்றவில்லை. நான் கேட்டதற்கு, “இவரு வந்தாருல்ல? எங்க ஐயா மட்டும் வரமாட்டாகன்னு யாரு கண்டா?” என்றாள்.

இப்போது கண்மாயில் பாதி பிளாட்டாகிவிட்டது. ஓட்டுக் கோயிலை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெயர் என்ற வழக்கமும் நின்றுபோனது. அம்மா மட்டும் இன்னும் மாலையோடு போகிறாள். போன வருடம் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனபோது, என் மகள் போனை எடுத்தாள்.

“அம்மாச்சி, ஆர்தர் இருக்காரா இல்லையான்னு இதுல பாத்துச் சொல்லவா?”

அம்மா அவசரமாக அவள் கையைப் பிடித்தாள்.

“வேணாம் தாயி. அவரு செத்துட்டாருன்னு வந்துச்சுன்னா, எங்க ஐயாவுக்கும்ல நான் திரி ஏத்தணும்.”