அலுங்காமல் போக ஒரு கார்

அந்தக் காருக்காகத் தோட்டத்துக் கேட்டைத் திறந்துவிட்டவர் அப்பாதான். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால், மூன்று வருடங்களுக்கு முன் அதே கேட்டைக் காட்டி, "இந்தக் காரு இனிமே இதத் தாண்டி உள்ள வரக்கூடாது" என்று சத்தம் போட்டவரும் அவர்தான். கார் என் மாமாவுடையது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. ரவாங்கில் ஒரு லோரிப் பட்டறையில் மெக்கானிக். நீண்ட மூக்கும் இரண்டே கதவுகளுமாக, வேகமாகப் போவதற்கென்றே எழுபதுகளில் செய்த ஒரு பழைய காரை அவர் எங்கிருந்தோ வாங்கியிருந்தார். அது போதாதென்று உயரத்தைக் குறைத்து, ஸ்ப்ரிங்குகளை இன்னும் விறைப்பாக்கி, ஒரு தீபாவளியன்று எங்கள் செம்மண் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். கார் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டு வேலியை உடைத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் இறங்கியது. அப்பா அந்தக் கிராணிக்குக் கீழே வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர். மச்சான் செய்த காரியத்துக்காகக் கிராணியின் முன்னால் கைகட்டி நின்றதை அவர் மறக்கவில்லை. மாமாவோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

இப்போது அதே அப்பா கேட்டின் கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, கார் தலைகுனிந்தபடி உள்ளே வந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் அதை நிறுத்தினார்கள். மாமா ஒரு மாதம் தங்கப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன்.

"காரு சஸ்பென்ஷன் பழசாயிடுச்சு. பிரிச்சுப் போடப் போறேன்" என்றார் மாமா.

"ரவாங்லயே பட்டறை இருக்கே?"

"அங்க ஒன்ன மாதிரி கேள்வி கேக்க ஆளு இல்லலா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒன்பது வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் சிரித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த வயது போதும்.

எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், உள்ளே இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். பழம் ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி ரோடு பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். ஊரெல்லாம் புதிதாக வந்த சாகா காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் கொட்டகையிலோ இந்தப் பழைய கார் நான்கு மரக்கட்டைகள் மேல் சக்கரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மாமா பகலெல்லாம் அதன் அடியில் படுத்துக்கிடந்தார். துருப்பிடித்த கம்பிகளைத் தேய்த்தார். தேய்ந்து வெடித்துப்போன ரப்பர் வளையங்களைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புது ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, பெரிய இடுக்கியில் வைத்துத் திருகித் திருகி உள்ளே தள்ளினார். ஸ்ப்ரிங்கை அமுக்கும் நாளில் மட்டும் சங்கிலியால் கட்டிவிட்டு என்னைக் குசினிப் பக்கம் விரட்டினார். அது தெறித்தால் ஆளையே கொண்டுபோய்விடுமாம்.

வேலை முடிந்து வந்த அப்பா, உடை மாற்றாமலே அவருக்கு ஜாக்கியைப் பிடித்துக்கொடுத்தார்.

நான் ஒவ்வொன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டேன். நான் போனால் பேச்சு நின்றது. தண்ணீர் வாளியைத் தொட்டே பார்த்திராத அப்பா தினமும் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தார். அம்மா மத்தியானத்தில் படுத்துத் தூங்கினாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலும் பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவை எதற்கோ சம்மதிக்க வைக்கத்தான் அப்பா இப்படி நடிக்கிறார் என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் கோலா சிலாங்கூரிலிருந்து, பழைய சாமான் கடை வைத்திருந்த சீனர் ஒருவர் வேனில் வந்தார். எல்லோரும் அவரைத் தவுக்கே என்று கூப்பிட்டார்கள். அவர் கொண்டு வந்தது, ஏதோ ஒரு பழைய டாக்சியிலிருந்து கழற்றிய இரண்டு உயரமான ஸ்ப்ரிங்குகள். மாமா அதைத் தன் காரில் மாட்டப் போகிறார் என்று தெரிந்ததும் தவுக்கே வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார்.

"ரேஸ் காருக்கு டாக்சி ஸ்ப்ரிங்கா? பைத்தியமா நீ? திரும்பும்போது கப்பல் மாதிரி சாயும்."

"சாயட்டும், தவுக்கே."

"வேகமா போக முடியாது."

"வேணாம்."

மாமாவின் வாயிலிருந்து "வேகம் வேண்டாம்" என்ற சொல் வருமென்றால் நாளைக்குச் செம்பனையில் மாங்காய் காய்க்கும். முன்பக்கம் முடிந்ததும் அவர் இன்னொரு காரியம் செய்தார். ஒரு மங்குக் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, முன்சீட்டில் வைத்து, தோட்டத்து வீடுகளின் வரிசையான லயத்துக் கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் குலுக்குது மச்சான். பின்னாலயும் ஒரு தட்டு எடுத்துடணும்" என்று அப்பாவிடம் சொன்னார். பின்சக்கரங்களுக்கு ஸ்ப்ரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தட்டுகள்தான். ஒன்றைக் குறைத்தால் மெத்தென்று போகுமாம்.

அன்று சாயங்காலம் கொட்டகையின் தகரத்துக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"அலுங்காம குலுங்காம கொண்டுபோய்ச் சேத்துடணும் மச்சான்" என்றார் மாமா.

"புள்ளைக்குத் தெரிய வேணாம். பெரிய லயமே பேசும்" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கோலா குபு பாருவுக்குச் சொல்லியாச்சு. ஹெட்மாஸ்டர்கிட்டயும் பேசிட்டேன். மூணு மாசம்" என்றார்.

கோலா குபு பாருவில் இருந்தது பெரியம்மா வீடு. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா என் பாவாடை சட்டைகளை ஒரு புதுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடப் போகிறார்கள். நான் அழுது ரகளை செய்வேன் என்று, தூங்கும்போதே தூக்கிக் காரில் போடப் போகிறார்கள். குலுங்கினால் விழித்துக்கொள்வேன் அல்லவா? அதற்குத்தான் டாக்சி ஸ்ப்ரிங், அதற்குத்தான் மங்குத் தண்ணீர். இவ்வளவு செலவு செய்து என்னை ஒழித்துக்கட்ட நினைக்கிறார்களே என்று நினைத்தபோது கோபத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமா பின்பக்கத்தைப் பிரித்தார். இரும்புத் தட்டுகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் நட்டுகள் எட்டு. அவற்றை ஒரு பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் கையை விட்டு இரண்டை எடுத்தேன். கோழிக்கூட்டில் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கொண்டுபோய் வைத்தேன். கோழி ஒரு கொத்துக் கொத்தியது. பொறுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மாமா டின்னைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடி எண்ணினார். கொட்டகை மண்ணை முழுவதும் ஒரு காந்தத்தால் துழாவினார். கிடைக்கவில்லை. அந்தக் காரின் மரை வேறு மாதிரி, சாதாரண நட்டு ஏறாது. அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா சிலாங்கூர் போய், அங்கிருந்து சுங்கை பெசார்வரை கடை கடையாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"ஆறு நட்டு போதாதா?" என்று அப்பா கேட்டார்.

"நான் மட்டும்னா ஓட்டிடுவேன். உள்ள ஒக்காரப் போறது யாரு?"

அப்போது அம்மா வந்து, தானும் தேடுகிறேன் என்று காருக்கடியில் குனிந்து பார்த்தாள். முட்டி போட்டுச் சாக்கடை ஓரத்தில் கையால் துழாவினாள். அப்பா ஓடிவந்தார்.

"குனியாதேன்னு எத்தன தடவ சொல்றது? எந்திரி! உள்ள போ!"

அவர் அம்மாவிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்னை அனுப்புவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் சண்டை என்று எடுத்துக்கொண்டேன். அம்மா என் பக்கம் என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. அடுத்த வீட்டு அக்கா அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். அப்பா மேனேஜர் பங்களாவுக்கு ஓடி, வண்டி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மேனேஜர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். பழ லோரிதான் இருந்தது.

"லோரியா? அந்த ரோட்லயா?" என்றார் மாமா. அவர் குரல் உடைந்தது. பெரிய ஆள் ஒருவர் அழப்போவதை முதல் முறையாகப் பார்த்தேன்.

என்ன நடக்கிறது என்று தெரியாமலே நான் கோழிக்கூட்டுக்கு ஓடினேன். இரண்டு நட்டுகளையும் கொண்டுவந்து மாமாவின் முன்னால் நீட்டினேன். அவை கோழியின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன.

அப்பா கையை ஓங்கினார்.

"அவள அடிக்காதீங்க" என்றாள் அம்மா, படியிலிருந்தே. "அதுக்கு என்னங்க தெரியும்?"

மாமா என்னைப் பார்க்கக்கூட இல்லை. நட்டுகளை வாங்கிக்கொண்டு காருக்கடியில் போனார். ஸ்பானர் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி நேரத்தில் சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கிவிட்டார். அம்மாவை முன்சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கார் கிளம்பியது.

அது போன விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அப்பா காருக்கு முன்னால் நடந்தார். குனிந்து குனிந்து கற்களை எடுத்து ரோட்டோரம் வீசினார். பள்ளம் வந்தால் கையைக் காட்டி விலகச் சொன்னார். வேகத்துக்கென்று பிறந்த அந்தக் கார் சைக்கிளைவிட மெதுவாக, ஒரு மாட்டைப்போல அவர் பின்னால் போனது. என்னை ஏன் ஏற்றவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே பெரியப்பா பஸ்ஸில் வந்து என்னைக் கூட்டிப்போனார். கடைசியில் நான் சந்தேகப்பட்டதுதான் நடந்தது. கோலா குபு பாருவில் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தேன். பெரியம்மா எனக்குத் தலை வாரும்போது அழுதார். எனக்குச் சோறு போடுவது அவருக்குப் பாரமாக இருக்கிறது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. மாமாவும் அம்மாவும் இறங்கினார்கள். மூணு மாசம் என்று பேசியவர்களைப் பதினோரு நாளில் வரவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். அம்மா மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். அம்மா மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. மூன்றாவது அந்த வருடம். தோட்டத்து ரோட்டில் உடம்பு குலுங்கக்கூடாது என்றும், கிள்ளான் ஆஸ்பத்திரியில் வந்து மூன்று மாதம் படுத்தே கிடக்கவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை சேர்ப்பதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. மாமா பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குத் தானாக வந்து, தன் காரைத் தானே கெடுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

"நட்டுனாலயாம்மா?" என்று கேட்டேன்.

"சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். நான் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள். அந்த அவசரத்தை நான் இன்னும் நம்பவில்லை.

ஆனால் அன்றைக்கு, கோலா குபு பாருவிலிருந்து திரும்பும்போது, நான் பின்சீட்டில் ஜெயித்தவளாக உட்கார்ந்திருந்தேன். நல்ல தார் ரோடு. மாமா பழக்க தோஷத்தில் ஊர்ந்துகொண்டே போனார். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டின.

"வேகமாப் போங்க மாமா!" என்று கத்தினேன்.

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"போ தம்பி" என்றாள் அம்மா. "இனிமே எதுக்கு மெதுவா?"

மாமா கியரை மாற்றினார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. தவுக்கே சொன்ன மாதிரியே ஒவ்வொரு வளைவிலும் கப்பல்போல் சாய்ந்தது. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு சிரித்தேன். மாமா ஒரு கையால் முகத்தைத் துடைத்தபடி ஓட்டினார். கண்ணில் தூசி என்று நினைத்தேன். அம்மாவின் கை இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பின்னால் நீண்டு வந்து என் கணுக்காலை இறுக்கிப் பிடித்தது. வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, அவளைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.