எல்லோரும் ‘நான்தான்’ என்று எழுதிய இணையத்தளம்

அண்ணா இறந்த பிறகும் அவருடைய போன் விடியப்புறத்திலேயே அடிக்கத் தொடங்கிவிடும். எடுத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு குரல், “நான்தான்” என்று சொல்லும். பிறகு, “இண்டைக்கு ஓடுமோ?” என்று கேட்கும்.

ஓடுமா என்று கேட்பது படகை. எங்கள் எழுவைதீவுக்குப் பாலம் கிடையாது. அக்கரையிலுள்ள ஊர்காவற்றுறைக்குப் போய்வர எல்லோருக்கும் படகுதான். அண்ணா அந்தப் படகில் கயிறு பிடித்துக் கட்டுகிறவர். சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி, கோழித்தீன் மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறவரும் அவர்தான். படகு ஓடுமா, இடம் இருக்குமா, பஸ் பிந்திவிட்டது கொஞ்சம் நிற்பீர்களா, எல்லாக் கேள்வியும் அவருடைய போனுக்குத்தான் வரும். ஒருவரும் பெயர் சொல்வதில்லை. குரலை வைத்தே அவருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் ‘நான்தான்’ என்பதே எல்லோருக்கும் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

போன மாரியில் அவருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தானே படகில் ஏறி உட்கார்ந்தார். கயிற்றை வேறு ஒருவர் பிழையாகக் கட்டியிருக்கிறார் என்று ஏசினார். திரும்பி வரும்போது அவரை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள்.

போன் என்னிடம் வந்தது. நம்பரை நிற்பாட்ட அம்மா விடவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் விரல் பழகின நம்பரைத்தான் அழுத்தும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற சிலருக்குத் தெரியாது. “பிள்ளை, அண்ணையிட்டப் போனைக் குடும்” என்பார்கள். அவர் இல்லை என்றால், “எப்ப வருவார்?” என்பார்கள். அதற்குப் பிறகு நான் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன நாட்களில் எனக்குத் தேத்தண்ணீர்கூட இறங்காது. இந்தப் போன் அடிக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தால்தான் நான் மனுசியாக இருக்கலாம் என்று தோன்றியது. அதற்குத்தான் இணையத்தளம் செய்யத் தொடங்கினேன். ஊருக்குச் சேவை, முன்னேற்றம் என்றெல்லாம் நினைக்கவில்லை. போன் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கணக்கு எனக்கு வராது, இப்போதும் வராது. ஆனால் இணையப் பக்கம் செய்வதைப் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். அண்ணா ஒரு பழைய லாப்டாப் வாங்கித் தந்திருந்தார். அதன் மூடி நிற்காது. சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

காசில்லாமல் இடம் தருகிற ஒரு ஹோஸ்டிங்கில் முதல் பக்கத்தைப் போட்டேன். நீல நிறம், படகுப் படம், நடுவில் பெரிய எழுத்தில் ‘இன்று படகு ஓடும்.’ அன்றைக்குப் படகு ஓடியது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் சோளகக் காற்று தூக்கி அடித்தது. படகு துறையடியிலேயே கட்டிக் கிடந்தது. பக்கத்தை மாற்ற எனக்கு நினைவில்லை. ஊர்காவற்றுறையில் வந்து நின்ற ஒருவர் அழைத்தார்.

“நான்தான். உங்கட வெப்சைற் ஓடுமெண்டு சொல்லுது. கடல் ஏலாதெண்டு சொல்லுது. நான் ஆரை நம்பிறது?”

“கடலை நம்புங்கோ அண்ணை.”

“அதைத்தானே இவ்வளவு காலமும் நம்பினனாங்கள். பேந்து என்னத்துக்கு உது?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் எழுதி ஒட்டுகிற பலகையாக இருந்தால் சரிவராது. படகோட்டி அண்ணை தன்னுடைய போனிலிருந்தே ஓடும், ஓடாது என்று மாற்ற வேண்டும். வருகிறவர்கள் தங்கள் பெயரையும் சாமானையும் தாங்களே எழுதிவிட வேண்டும். அதற்குப் பி.எச்.பி என்கிற மொழியில் கொஞ்சம் எழுத வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். பார்த்துப் பார்த்து எழுதினேன். லாப்டாப்பில் நன்றாக வேலை செய்தது. அதே காசில்லாத இடத்தில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, சொந்தக்காரர் எல்லோருக்கும் இணைப்பை அனுப்பினேன்.

முதலில் கனடாவில் இருக்கிற சித்தி போன் எடுத்தா.

“எடி பிள்ளை, உனக்கு டொலர் வேணுமெண்டால் நேர கேக்கிறதுதானே? வெப்சைற் முழுக்க டொலர் டொலரா எழுதி விட்டிருக்கிறாய். எவ்வளவெண்டு மட்டும் எழுதேல்லை.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திறந்து பார்த்தால், படிவம் தெரிய வேண்டிய இடத்தில் நான் எழுதிய பி.எச்.பி வரிகள் அப்படியே கொட்டிக் கிடந்தன. அந்த மொழியில் விபரம் போட்டு வைக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் டொலர் குறி வரும். சித்தி அதைத்தான் பார்த்திருக்கிறா.

“சித்தி, அது காசில்லை. சேர்வருக்குச் சொல்லுறது.”

“ஆர் அந்தச் சேர்வர்? அவருக்கோ காசு?”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அண்ணா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

பிழை என்ன என்று அன்று பின்னேரம்தான் பிடிபட்டது. அந்த ஹோஸ்டிங் துறையடியில் இருக்கிற அறிவிப்புப் பலகை மாதிரி. ஒட்டினதை ஒட்டினபடி காட்டும், வேறொன்றும் செய்யாது. எனக்குத் தேவையானது பலகைக்குப் பின்னால் ஒரு ஆள். வந்தவர் சொல்வதைக் கேட்டு, எழுதி வைத்து, பதில் சொல்கிற ஆள். அதாவது சேர்வரிலேயே ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். இதை நினைத்தபோது, எனக்குத் தேவைப்படுவது அண்ணா செய்த வேலைதான் என்று தெரிந்தது. லாப்டாப்பைச் சுவரிலிருந்து எடுத்தேன். அதன் மூடி நிற்காமல் சரிந்து விழுந்தது.

அடுத்த கிழமை முழுவதும் ஹோஸ்டிங் தேடினேன். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ‘எல்லாம் அளவில்லாமல்’ என்று போட்டிருந்தது. பி.எச்.பி ஓடுமா என்று கேட்டு எழுதினேன். பண்டிகைக்கு விலைக்கழிவு இருக்கிறது என்று பதில் வந்தது. திரும்பவும் கேட்டேன். பண்டிகை முடியப் போகிறது என்று பதில் வந்தது. இன்னொன்றில் ஸ்கிரிப்ட் ஓடும், ஆனால் அது வேறு மொழி. எனக்கு இந்த ஒரு மொழியே இழுபறி. மூன்றாவதாகக் கொழும்பில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு அக்கா எடுத்தா. பேச்சில் யாழ்ப்பாணம் தெரிந்தது. பயம் போய்விட்டது.

“அக்கா, உங்கட சேர்வரில பி.எச்.பி ஓடுமோ?”

“ஓடும் தங்கச்சி. நீர் என்னத்துக்குச் செய்யிறீர்?”

“படகுக்கு.”

“படகு விக்கிறதுக்கோ?”

“இல்லையக்கா, ஏறுறதுக்கு.”

அவ சிரித்தா. பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுச் சொன்னா. எழுதி அனுப்புகிற பெயர்களைப் போட்டு வைக்க டேற்றாபேஸ் வேண்டும், அது தங்களிடம் சேர்ந்தே வரும், வேறாக எடுக்கத் தேவையில்லை. பி.எச்.பி பழையதாக இருந்தால் ஓட்டைகள் இருக்கும், புதியதையே போட்டுத் தருவோம்.

“கரண்ட் நிண்டால் என்ன செய்யிறதக்கா?”

“ஆரின்ர கரண்ட்?”

“எங்கட.”

“உங்கட கரண்ட் நிண்டால் எங்கட சேர்வருக்கு என்ன? அது வெளிநாட்டில கிடக்குது.”

“அப்ப அது எங்களைவிட வசதியாத்தான் இருக்குது.”

“ஓம், அதுக்கு ஏசியும் இருக்குது. இன்னொண்டு தங்கச்சி, ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி எடுத்து வைப்பம். எல்லாம் அழிஞ்சாலும் திரும்ப எடுக்கலாம். நீர் பயப்பிடாதையும்.”

அழிந்தாலும் திரும்ப எடுக்கலாம் என்று ஒருவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதை நான் கேட்டதில்லை.

“லைனில நிக்கிறீரோ?”

“ஓமக்கா. நிக்கிறன். இதையே எடுக்கிறன்.”

காசைச் சித்தி தன்னுடைய அட்டையில் கட்டினா. “நீ டொலர் கேட்டதெண்டே இருக்கட்டும்” என்றா.

தளம் ஏறியது. முதல் நாள் விடிய படகோட்டி அண்ணையின் போனிலேயே தளத்தைத் திறந்து அவரிடம் கொடுத்துவிட்டுத் துறையடியில் நின்றேன். அவர் எங்கள் அண்ணாவோடு பல வருசம் கடலில் ஓடியவர். திரையைத் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“தங்கச்சி, இதில நேற்றைய திகதி கிடக்குது.”

பார்த்தேன். உண்மைதான். ஐந்தரை மணி ஆனதும் தன்பாட்டில் இன்றைக்கு மாறியது. சேர்வர் இருக்கிற நாட்டில் அப்போதுதான் நடுச்சாமம் தாண்டி அடுத்த நாள் பிறந்திருக்கிறது. நேரத்தை எங்கள் நேரமாக மாற்ற எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நேற்றைய கடலில நான் இண்டைக்கு எப்பிடி ஓடுறது?” என்று கேட்டுவிட்டு, ‘ஓடும்’, ‘ஓடாது’ என்று நான் வைத்த இரண்டு பொத்தானையும் பார்த்தார். “உந்த ரெண்டாவதை எடும். காலம்பற கடலைப் பாத்து ஓடாதெண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை.”

“அப்ப காத்தெண்டால் என்ன சொல்லுவியள்?”

“பாப்பம் எண்டு சொல்லுவன்.”

பொத்தானை ‘பாப்பம்’ என்று மாற்றினேன். ‘பாப்பம்’ என்று வந்தால் அன்றைக்குப் படகு இல்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பு அக்காவிடம் சொன்னபோது அவவுக்கு மட்டும் விளங்கவில்லை.

நேரத்தையும் சரிசெய்த பிறகு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம். இனிப் போன் எடுக்க வேண்டாம், தளத்தில் எழுதுங்கள் என்று. அன்றைக்கே அண்ணாவின் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் விடிய வீடு அப்படியே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அம்மா தேத்தண்ணீரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, அலுமாரியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தா.

“போன் பழுதோ பிள்ளை?”

“இல்லையம்மா. நிப்பாட்டி வைச்சிருக்கிறன்.”

“ம்.”

நான் கேட்டது இதைத்தான், இந்த அமைதியைத்தான். அது வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. தேத்தண்ணீரை வைத்துவிட்டுத் துறையடிக்கு ஓடினேன். படகோட்டி அண்ணை போனைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாரும், வாரும். உம்மட வெப்சைற் நல்லா வேலை செய்யுது. இண்டைக்குப் படகில ஆறேழு நான்தான் வருகினம்.”

“என்ன அண்ணை?”

“பாருமன். நான்தான், ஒராள். நான்தான், ரெண்டு பேர். நான்தான், கோழித்தீன் மூட்டையோட. கடைசியில ஒரு நான்தான் ஆட்டையும் கொண்டு வாறாராம். ஆடும் நான்தானோ தெரியாது.”

பெயர் எழுதுகிற பெட்டியில் எல்லோரும் ‘நான்தான்’ என்றே எழுதியிருந்தார்கள். சேர்வர் அதை அப்படியே நம்பி, ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. பலகைக்குப் பின்னால் ஆள் இருந்தார், ஆனால் ஆளைத் தெரியாத ஆள்.

“இப்ப நான் எந்த நான்தானுக்கு நிக்கிறது? பஸ் பிந்தினால் ஆரைத் தேடுறது?” என்று அவர் கேட்டார்.

நான் போனை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தேன். கோழித்தீன் என்றால் கோயிலடி வீட்டு மாமா. அவர் கேள்வி கேட்க முதல் ஒரு இருமல் இருமுவார். ஆடு என்றால் வடக்குப் பக்கத்து அக்கா, சொன்னதையே மூன்று தரம் சொல்லுவா. ஒராள் என்று எழுதினது கிளினிக்குக்குப் போய்வருகிற ஐயா. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். படகோட்டி அண்ணை சிரிப்பை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாரையும் தெரியுது உமக்கு.”

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாதம் அழுதுகொண்டும் எரிச்சல்பட்டுக்கொண்டும் அந்தப் போனை எடுத்ததில், அவர்களுடைய குரல் எல்லாம் எனக்குள் வந்து இருந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து போனை எடுத்துத் திரும்ப இயக்கினேன். தவறின அழைப்புகளின் செய்தி டிங் டிங் என்று ஒரு நிமிசத்துக்கு மேல் கேட்டது. அம்மா குசினியிலிருந்து, “இப்ப சரி வந்திட்டுதோ?” என்றா. “ஓம்” என்றேன். பிறகு தளத்தில் பெயர்ப் பெட்டிக்கு மேலே அண்ணாவின் நம்பரை நானே பெரிதாகப் போட்டேன்.

தளம் இப்போதும் ஓடுகிறது. கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் வருவதற்கு முதல் அதைத்தான் பார்க்கிறார்கள். ஊரவர்கள் தளத்தில் எழுதிவிட்டு, எழுதினதைச் சொல்லப் போன் எடுக்கிறார்கள். எப்போதாவது ஒருவர் அண்ணாவிடம் கொடுக்கச் சொல்லுவார். அண்ணா போன மாரியில் செத்துப்போனார் என்று சொல்லுவேன். கேட்டவர் கவலைப்படுவார், நானும் படுவேன். பிறகு அவருக்குப் படகு ஓடுமா என்று சொல்லுவேன்.

நேற்றும் விடிய அடித்தது. எடுத்தேன். முதலில் ஒரு இருமல்.

“நான்தான்.”

“ஓம் மாமா. கோழித்தீன்தானே? எழுதியிருந்தனீங்கள், பாத்தனான். இடம் இருக்குது.”

அந்தப் பக்கத்தில் இன்னொரு இருமல்.

“என்னை இவ்வளவு தெரியுமெண்டால், பேந்து ஏன் பிள்ளை இந்தக் கிழவனை உந்த வெப்சைற்றில குத்திக் குத்தி எழுத வைச்சனீர்?”