பம்ப் நுழையாத பை

கடையில் யாராவது ஒரு பையை எடுத்து அதன் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் வைத்துவிட்டுப் போ என்று வாய்வரைக்கும் வந்துவிடும். நான் ஒன்பதாவது படித்த வருஷம் ஒரு முழுச் சாரல் காலத்தை இந்த மாதிரி ஜிப்புகள்தான் தின்று தீர்த்தன. முதுகில் மாட்டுகிற ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். அதை வாங்க எங்கள் அப்பா எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்திருக்கலாம்.

எங்கள் வீடு இலஞ்சியில். தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் என்னைச் சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். சித்தப்பா மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் அவன் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிள் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. கியர் வைத்த சைக்கிள். பார்க்க அம்சமாக இருக்கும், ஆனால் கூடையும் கிடையாது, கேரியரும் கிடையாது. டைப் அடிக்கிற தாள், தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, இந்த மூன்றை வைக்க அதில் இடமில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்புவதற்குள் பை முன்சக்கரத்தில் சிக்கி, நானும் சைக்கிளும் சகதியில் கிடந்தோம்.

முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதுகில் மாட்டுகிற பை வாங்கும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது. அதுவரைக்கும் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவார். மர அறுவை மில்லில் அவருக்குக் காலை வேலை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பை வந்தால் நான் தனியாகப் போகலாம். வராவிட்டால் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போக வேண்டும். அந்த வயதில் இதைவிடப் பெரிய விஷயம் என் உலகத்தில் வேறு இல்லை.

அப்பாவோடு போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். அவர் சும்மா வெளியே நிற்கிற ஆள் என்றால் பரவாயில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு கிடக்கும், அதில் உட்கார்ந்து நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டு, படியில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் என் பெயரைச் சொல்லி, நன்றாக அடிக்கிறாளா என்று விசாரிப்பார். ஒரு நாள் மேலே வந்து சாரிடமே கேட்டுவிட்டார். திரும்பும்போது வழியில் நிறுத்தி வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பார். வண்டியை ஓட்டிக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டு வருவார். காற்றில் பாதி காதில் விழாது. விழுந்த பாதிக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன். உம் என்று கூடச் சொல்ல மாட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பை வாங்கப் புறப்பட்டோம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. பையில் என்னென்ன வைக்க வேண்டியிருக்கும் என்று அப்பா யோசித்துக் கூடத்தில் அடுக்க ஆரம்பித்தார். நான் சொன்ன மூன்று சாமான்கள் போக, காற்றடிக்கிற கைப்பம்ப், ஒரு ஸ்பானர், பஞ்சர் ஒட்டுகிற பசை, ரப்பர்த் துண்டு, டார்ச், துண்டு ஒன்று, குடை ஒன்று. மழைக்கோட்டு இருக்கும்போது குடை எதற்கு என்றேன். கோட்டு கிழிந்துவிட்டால் என்றார். எனக்குப் பஞ்சர் ஒட்டவே தெரியாதே என்றேன். தெரிந்தவன் யாராவது வழியில் வருவான், அவனிடம் பசை இருக்காது என்றார். இந்தப் பதிலைக் கேட்டு அம்மா அடுக்களையில் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரித்துவிட்டு அவளும் ஒரு தைல பாட்டிலைக் கொண்டுவந்து குவியலில் வைத்தாள்.

சைக்கிளில் போகிறவர்கள் எப்படிப்பட்ட பை மாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். சாரல் விழுகிற ஞாயிறுகளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் எங்கள் ஊர் வழியாகக் குற்றாலத்துக்கு மிதித்துப் போகும். அவர்கள் முதுகில் தலையணை அளவுக்குக்கூட இல்லாத பை ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சில் ஒரு வார், இடுப்பில் ஒரு வார். எவ்வளவு குனிந்தாலும் அசையாது. எனக்கு அப்படி ஒன்று வேண்டும், அதுவும் அப்பா கொடுக்கிற விலைக்குள் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அப்பா அந்தக் குவியல் முழுவதையும் ஒரு சாக்குப் பையில் கட்டி ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்து, அம்மாவையும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வண்டியை விட்டார். சாமானைப் போட்டுப் பார்க்காமல் எவனாவது பை வாங்குவானா என்பது அவருடைய கட்சி.

கோயில் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடை. எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்த பை கிடைத்துவிட்டது. கருநீலம், சின்னது, இடுப்பு வார் உண்டு, மழைக்குப் போர்த்த உள்ளேயே ஒரு உறை. விலையும் அதிகமில்லை. அப்பா சாக்கை அவிழ்த்துக் கண்ணாடி மேஜைமேல் பம்பையும் ஸ்பானரையும் பரப்பினார். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். எல்லாம் நுழைந்தது, பம்ப் மட்டும் நுழையவில்லை. பிறகு என் முதுகில் பையை மாட்டி, கடை வாசலில் நிறுத்தி, ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக் குனியச் சொன்னார். குனிந்தேன். காலை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். எங்கள் வகுப்பில் படிக்கிற ஒருத்தி அவளுடைய அம்மாவோடு அந்த வழியாகப் போனாள். இல்லாத சைக்கிளை நான் நடுத்தெருவில் மிதித்துக்கொண்டிருப்பதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் செத்தேன்.

இதற்குள் அப்பா தன் வழக்கமான வேலையைத் தொடங்கியிருந்தார். எங்கே போனாலும் விலை பேசுவதற்கு முன்னால், அண்ணாச்சிக்கு எந்த ஊர் என்று கேட்பார். ஊர் தெரிந்தால் அங்கே யாரையாவது தெரியும், ஆளைத் தெரிந்தால் விலை குறையும் என்பது அவர் கணக்கு. கடைக்காரர் பண்பொழி என்றார். அம்மாவுக்கும் பண்பொழிதான். எந்தத் தெரு, யார் வீடு என்று அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை என்று ஆகிவிட்டது. கடைக்காரர் எழுந்து நின்று அப்பாவை மாப்பிள்ளை என்றார், என்னை மருமகளே என்றார், காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சொந்தக்காரர் கடை, பையும் பிடித்திருக்கிறது, இனி என்ன தடை. காப்பியைக் குடித்துவிட்டு அப்பா சாமான்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார், அப்புறம் வருகிறோம் என்று கும்பிட்டார், வெளியே வந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மச்சான்கிட்ட எப்படிட்டி பேரம் பேச? பண்பொழி பூரா சிரிக்கும்லா."

சொந்தம் என்று தெரிந்தால் பேரம் பேச முடியாது. பேரம் பேசாமல் வாங்கினால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. ஆகவே சொந்தமில்லாத கடையாகப் பார்க்க வேண்டும். அப்படியானால் ஊரை ஏன் விசாரிக்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த கடையிலும் அவர் முதலில் ஊரைத்தான் கேட்டார்.

அடுத்த கடையில் வார் மெல்லிசு. அதற்கடுத்த கடையில் ஜிப் முரடு. குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு கடையில் பம்ப்கூட நுழைகிற பை கிடைத்தது. அது பெரிசாக இருக்கிறது, திரும்பி வண்டி வருகிறதா என்று பார்த்தால் மறைக்கும் என்று அதையும் தள்ளிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் சாக்கு கட்டினோம், ஒவ்வொரு ஞாயிறும் நான் நடுத்தெருவில் இல்லாத சைக்கிளை மிதித்தேன். திங்கட்கிழமை மறுபடியும் ஸ்கூட்டர், பெஞ்சு, நிலக்கடலை, பஜ்ஜி.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் குற்றாலத்துக்காவது போகலாம் என்று அழுதேன். அருவிக்குப் போகிற வழியெல்லாம் சீசன் கடைகள் போட்டிருந்தார்கள், சிப்ஸுக்கும் பழத்துக்கும் நடுவில் வரிசையாகப் பைகள் தொங்கின. அப்பா பைகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீசனில் குற்றாலத்தில் ஒரு சாமான் வாங்குகிற உள்ளூர்க்காரன் இன்னும் பிறக்கவில்லை என்றார்.

"சீசன் கழியட்டும்ட்டி. கூடாரத்தப் பிரிக்கப்போ அவனே கூப்பிட்டுப் பாதி வெலைக்குத் தருவான்."

சாரல் ஓய்ந்தது. அருவியில் தண்ணீர் நூலாக இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நானே சாக்கைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கடைகள் இருந்த இடத்தில் மூங்கில் குழிகள்தான் இருந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முந்தின நாளே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். போய்ட்டானே என்றார் அப்பா. அவர் முகத்தில் வருத்தம் என்று ஒரு சொட்டு இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் எனக்கு ஒரு பைக்கு வக்கில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா வருவதற்கு முன்பே அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மில்லில் லோடு வந்திருந்ததால் அவர் வரத் தாமதம். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, என்னைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். நேராகப் பண்பொழி மாமா கடை. அந்தக் கருநீலப் பை இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஜிப்பை இழுத்துப் பார்க்கவில்லை, என்னைக் குனியவும் சொல்லவில்லை. மாமா தானாகவே விலையைக் குறைத்துச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், சொன்ன விலையை வாங்கிக்கிடுங்க அண்ணே என்றாள் அம்மா. தங்கச்சியிடம் முழு விலை வாங்கினால் ஊருக்குள் எப்படிப் போவது என்றார் மாமா. குறைக்காதே என்று இவளும், குறைப்பேன் என்று அவரும் சண்டை போட்டு, கடைசியில் மாமாதான் ஜெயித்தார். அப்பா வாழ்நாளில் பேரம் பேசி அந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தையலைத் தடவினார். முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒரு செம்பு தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், நல்ல பைதான் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் சாயங்காலம் பையை அவரே அடுக்கி வைத்திருந்தார். நான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்றெல்லாம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயல் காற்று முகத்தில் அடிக்க, நின்றுகொண்டே மிதித்து, பாட்டுப் பாடிக்கொண்டு தென்காசி போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் போய்ப் பையைத் திறந்தால், தாள் இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, மழைக்கோட்டு இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. கைவிட்டுத் துழாவினேன். ஸ்பானர் இல்லை, டார்ச் இல்லை, அம்மாவின் தைலம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். அந்தச் சாமான்களெல்லாம் எங்கே, அதற்காகத்தானே ஒரு சீசன் முழுக்க என்னைத் தெருத்தெருவாக மிதிக்கவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்குட்டி? முதுகு வலிக்கும்லா" என்றார் அப்பா.

இந்த மனுஷரிடம் என்ன பேசுவது. நான் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, விடுட்டி, ஒங்கப்பாவுக்கு இனிமே சாயங்காலம் ஒரு சோலியும் கெடையாது என்றாள். அப்படியென்றால் பாலை அவரே வாங்கிவரட்டும், இனிமேல் நான் போக மாட்டேன் என்றேன். தெருமுனைக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகிற அந்த வேலை எனக்குப் பிடிக்காது. இப்படி ஒரே நாளில் அதுவும் தொலைந்தது.

அப்பா மறுநாளே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் தெருமுனைக்குப் போகவில்லை. நான் வகுப்பு முடிந்து சைக்கிளில் திரும்பும்போது தென்காசி எல்லையிலேயே எதிரே வந்தார், ஸ்கூட்டர் கொக்கியில் தூக்கு தொங்க. நிறுத்தவில்லை. ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அதே இடம், அதே ஹாரன். தென்காசியில்தான் பால் கெட்டியாக இருக்கிறதாம். பைக்கு அத்தனை கடை ஏறி இறங்கிய மனுஷர் பாலுக்குப் பெட்ரோலை இப்படிக் கொட்டுகிறாரே, நீ கேட்க மாட்டாயா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, என்னைக் கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னாள்.