வலப்பக்கம் சாய்ந்த முறுக்கு

கடிகாரக்காரரின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. தலைமுடியைவிட மெல்லிய சுருள்வில்லை இடுக்கியில் தூக்கி வைக்கும் கை. அதுதான் மூன்று நாளாக ஒரு ஸ்வெட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய அக்கா தன் மகளுக்காகப் பின்ன ஆரம்பித்தது. ஸ்வெட்டரின் கடைசிக் கை பாதியில் நிற்கும்போது இறந்துபோனாள். மகள் சனிக்கிழமை குளிர்தேசத்துக்கு விமானம் ஏறுகிறாள். "போட்டுட்டுத்தான் போவேன் மாமா" என்று சொல்லிவிட்டாள். இன்று வியாழன்.

சாதாரணப் பின்னல் சீக்கிரம் பிடிபட்டது. ஜடைபோல் முறுக்கிக்கொண்டு போகும் கேபிள் பின்னல்தான் ஆட்டிப்படைத்தது. மூன்று கண்ணிகளைக் குட்டி ஊசியில் ஏற்றி முன்னால் நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, நிறுத்தியதைப் பின்ன வேண்டும். அப்போதுதான் முறுக்கு இடப்பக்கம் சாயும். மறந்து பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். வீடியோ பார்த்து, பழைய நூலில் எட்டுத் துண்டு பின்னிப் பழகிய பிறகே அக்காவின் ஊசியைத் தொட்டார். அவள் விட்ட வரிசையின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஓர் ஊக்கு குத்தினார்.

மத்தியானம் கடையில் தள்ளிவைத்துப் பார்த்தார். ஒரு முறுக்கு மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அக்காவா தப்பு செய்வாள்? தன் வேலைதான். முறுக்கின் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டே இறங்கினார். நூல் ஏணிப்படிபோல் தொங்கியது. மடிந்திருந்த ஓரத்தை விரித்தார். ஊக்கு. தப்பு அதற்குக் கீழே இருந்தது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பின்னிய வரிசைகள். "கண்ணாடியத் துடைச்சுக் குடுடா, மங்கலா இருக்கு" என்றாள். போனில் பேசிக்கொண்டிருந்தவர், "இரு அக்கா, வரேன்" என்றார். அப்புறம் மறந்துவிட்டார்.

ஆறு கண்ணிகளும் காற்றில் நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு கொக்கியால் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். "மாமா, இது ஒண்ணு மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குதே?"

"அது உங்கம்மா போட்டது."

"நீங்க சொதப்பிட்டு, கேக்க ஆளில்லன்னு அம்மா தலையில கட்டுறீங்களா?"

ஊக்கைக் காட்டினார். "இதுக்குக் கீழ உள்ளதெல்லாம் அவ பின்னினது." அவள் அந்த முறுக்கை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். பண்ணட்டுமா?"

"வேண்டாம்." பிறகு, "இப்பதான முழங்கை தாண்டியிருக்கு. நாளைக்குள்ள முடிஞ்சிருமா மாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மூன்று கண்ணிகளைக் குட்டி ஊசியில் ஏற்றி முன்னால் நிறுத்தினார். முன்னால்தானா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.