செல்லத்துரை பட்டறை வாசலில் நான் எண்ணியவை

என் 1961ஆம் வருட டைரியில், ஞாயிறு தவிர எல்லா நாளும் ஓர் எண் இருக்கும். செல்லத்துரையின் பட்டறை வாசலில் நின்ற மாட்டு வண்டிகளின் எண்ணிக்கை அது. பிரியமானவர்களே, வெட்கத்தோடு சொல்கிறேன்.

நானும் அவனும் திண்டுக்கல்லில் பழுதான கிணற்று மோட்டார்களுக்கு ஒன்றாகக் காயில் கட்டியவர்கள். செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டும் அந்த வேலை எனக்கு உயிர். ஆனாலும் புது மோட்டார் விற்றால் சீக்கிரம் பணக்காரனாகலாம் என்று பிரிந்துபோய்க் கடை போட்டேன். மாடி வீடும் கட்டினேன். ஆனால் எரியோடு ஊரிலிருந்து வண்டியில் மோட்டார் கொண்டுவரும் சம்சாரிகள் அவன் பட்டறையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் என் வயிறு எரியும். என்னிடம் வாங்குகிறவர்கள் ரசீதோடு போய்விடுவார்கள். சோறு இறங்கவில்லை. முழங்கால்படியிட்டால், அவன் பட்டறை மூடட்டும் என்பதே வாயில் வந்தது.

எங்கள் சபையில் மாதம் ஒருமுறை பெயர்ச் சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவரிடம் நேரில் போய்க் குறையைக் கேட்டு, புதன்கிழமைக் கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்க வேண்டும். 1962 பிப்ரவரியில் எனக்கு அவன் பெயர் வந்தது.

மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் போனேன்.

"என்ன முதலாளி, வழி தவறி வந்துட்டீகளா?" என்றான்.

"சீட்டுல ஒம் பேரு. என்ன குறைன்னு சொல்லு, போறேன்."

கம்பியைக் கீழே வைத்தான். "பொறாமைப்பா. ஒம் மாடி வீட்டைப் பாத்து. ஒன்னா வேலை செஞ்சவுகதானே, நமக்கு மட்டும் ஏன் இந்த ஓட்டு வீடுன்னு எம் பொண்டாட்டி கேக்குறா. ஒங் கடைப் பக்கம் வாராம சுத்திப் போறேன். அது போகணும்னு ஜெபி."

புதன்கிழமை எழுந்து நின்றேன். "ஆண்டவரே, இந்தச் சகோதரனின் பொறாமையை" என்று தொடங்கினேன். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தேன். அவன் கண்களை மூடி உட்கார்ந்திருந்தான். நான் வண்டி எண்ணியதை எல்லோர் முன்பும் சொல்லி அழுதேன். என்னையே விடுவியும் என்று கேட்டேன்.

"ஏலே, வண்டியையா எண்ணுன?" என்று அவன் சிரித்துவிட்டான். வெளியே வந்ததும், "பட்டறையில இன்னொரு மேசை போட எடம் இருக்கு. வாரியா?" என்றான்.

கடையை மூடினேன். மாடியை வாடகைக்கு விட்டோம். இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்டுகிறேன். வயிறாரச் சாப்பிடுகிறேன். அவன் கைவேகம் எனக்கில்லை. சில நாள் உள்ளே குத்தும். அன்று அவனுக்காக ஜெபித்த பிறகே வேலையைத் தொடுவேன்.

நீங்கள் யாரைப் பார்த்து வெந்துபோகிறீர்களோ, அவரிடமே போய் என்ன குறை என்று கேளுங்கள். உங்களுக்கு முன்பே ஆண்டவர் அங்கே போயிருப்பார்.