அப்பாவின் கைக்கு அளவெடுத்த ஹேண்டில்பார்

எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை ஓட்டியது அம்மா. ஆனால் அது அப்பாவின் வண்டி. இந்த மூன்றையும் என் பெரியப்பா ஒரே மூச்சில், எந்தச் சங்கடமும் இல்லாமல் சொல்வார். பதினோரு வயதில் எனக்கு அது தொண்டையில் சிக்கியது. இன்றைக்கும் இறங்கியபாடில்லை.

அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அந்த ஒரு மாதத்துக்காக மீதி இருபத்து மூன்று மாதமும் வண்டி அவருடைய கைக்கும் காலுக்கும் ஏற்றபடியே நின்றது. அப்பா ஆறடி உயரம். அம்மா அவர் தோளுக்கும் கீழே. மலையாளத்து எல்லையில் இருக்கும் பெருமாட்டியில் எங்கள் தோப்பிலிருந்து பால் சொசைட்டிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். காலையும் மாலையும் வண்டியின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு அம்மா போவாள். ஒரு கேன் எங்கள் மாட்டுப் பால். இன்னொன்று பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் மாட்டுப் பால். அவர் கேனையும் இவள்தான் சுமக்க வேண்டும் என்று யார் எப்போது தீர்ப்புச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "எப்படியும் போறவதான?" என்பார்கள்.

அப்பாவின் எடைக்கு சீட்டில் பெரிய குழி விழுந்திருந்தது. அம்மா எவ்வளவு முன்னால் ஏறி உட்கார்ந்தாலும் அந்தக் குழி அவளைப் பின்னால் இழுத்துவிடும். ஹேண்டில்பாரோ தூரத்தில். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எட்டிப் பிடிக்கிறவள் மாதிரி இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவாள். மேடு பள்ளம் எல்லாம் நேராகத் தோளுக்கு வந்து சேரும்.

அவளுடைய தோள் கெட்டுக்கொண்டே வந்ததை நான் என் தலைமுடியில் தெரிந்துகொண்டேன். முதலில் நின்றுகொண்டு சடை பின்னியவள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து என்னைத் தரையில் உட்காரவைத்துப் பின்னினாள். பிறகு இரட்டைச் சடை ஒற்றைச் சடை ஆனது. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கட்டாயம் என்று டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அன்று சாயங்காலம் அம்மா வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பாப் வெட்டிக்கலாமா கண்ணு?" என்று கேட்டாள். நான் மாட்டேன் என்று கத்தினேன். முடிக்காகக் கத்தினேன் என்று அவள் நினைத்திருப்பாள். பாதி அதுதான்.

பக்கத்துச் சித்தூர் வைத்தியரிடம் தைலம் வாங்கியாயிற்று, எண்ணெய் போட்டு நீவிவிடும் உழிச்சலும் ஆயிற்று. பெரியப்பாவுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. வைத்தியம் படிக்காமலே அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. "பொம்பளை வண்டி ஓட்டுனா ஒடம்பு கேக்குமா அம்மிணி?" என்பார். சொல்லிவிட்டு மறுநாள் காலை தன் கேனைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். வாய் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம்!

உண்மையைச் சொன்னவர் ரோட்டோர வர்க்‌ஷாப்பின் மெக்கானிக். ஆயில் மாற்றப் போன அன்று, அம்மா வண்டியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க்கா, தோள் வலிக்குதுங்களா?"

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"வலிக்காம இருந்தாத்தானுங்க்கா அதிசயம். கையி எத்தனை தூரம் போகுது பாருங்க."

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அதைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை ஓட்டுபவர் பக்கமாகத் திருப்ப வேண்டும். பிரேக், கிளட்ச் பிடிகளையும் அதற்குத் தக்கபடி இறக்க வேண்டும். சீட்டுக் குழியில் பஞ்சு நிரப்பி, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் செதுக்கினால் முன்னால் உட்காரவும் வரும், காலும் தரைக்கு எட்டும். கை மடங்கி நின்றால் தோளுக்குப் பாரம் இல்லை. "அரை மணி நேர வேலைங்க்கா" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நான் குதிக்காத குறை.

அப்புறம் அந்த மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எதுக்கும் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க. மஸ்கட் அண்ணன் வண்டி பாருங்க" என்று சொல்லிப் போனை எடுத்தார். தோள் நின்றுகொண்டிருந்தது அவர் கண் முன்னால். அனுமதி கேட்டது அரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு துண்டிடம்! பெரியப்பாவின் குரல் எனக்கே கேட்டது. "தம்பி லீவுக்கு வந்தா அவன் ஓட்டோனுமல்ல? யாரும் கை வெக்க வேண்டாம்." அம்மா "சரீங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினாள். வழியெல்லாம் அவள் முதுகில் கோபத்தோடு முட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் தமிழ்நாட்டு ஆயுத பூஜையும் மலையாளத்துப் பூஜை வைப்பும் இரண்டும் உண்டு. அஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களையும் புத்தகங்களையும் சாமி முன்னால் வைத்தால், தசமி காலையில்தான் எடுக்கலாம். நடுவில் தொடக் கூடாது. பெரியப்பா வீட்டு ஷெட்டில் டிராக்டர், மருந்தடிக்கும் மிஷின், அரிவாள், ஸ்பேனர் செட், என் பாடப் புத்தகம், அம்மா ஓட்டும் வண்டி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன.

மாட்டுக்குச் சரஸ்வதி பூஜை தெரியாது. நவமி காலையிலும் அது பால் கறந்தது. வண்டி சாமியிடம் இருக்கிறது. அதனால் அம்மா இரண்டு கைகளிலும் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தாள். ஆமாம், அன்றைக்கும் இரண்டு கேன்தான்! திரும்பி வந்து கேனைக் கீழே வைத்தபோது வலது கை விரல்கள் பிரியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். வண்டிக்கு ஓய்வு உண்டு, அரிவாளுக்கு ஓய்வு உண்டு, இவளுக்கு மட்டும் கிடையாதா?

மதியம் எல்லோரும் பெரியப்பா வீட்டுக்குள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஷெட்டுக்குப் போனேன். சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பாமல், சந்தனப் பொட்டோடு இருந்த ஸ்பேனரை எடுத்தேன். மெக்கானிக் தொட்டுக் காட்டிய நாலு போல்ட்டும் நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஸ்பேனரில் தொங்கினேன். நாலும் தளர்ந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்ததும், அதுவரை முரண்டு பிடித்த எதுவோ இறங்கிவந்த மாதிரி என் பக்கம் சாய்ந்தது. போல்ட்டுகளை என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். விரிசல் விட்ட சந்தனத்தின் மேல் கிண்ணத்திலிருந்து புதிதாகக் குழைத்துப் பூசினேன். உள்ளே போய்ப் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

பதினோரு வயசுக் கையின் இறுக்கம் எவ்வளவு என்று தசமி காலையில் தெரிந்தது. நான் நினைத்தது, அம்மா ஏறுவாள், அசந்துபோவாள் என்று. ஆனால் பூஜையிலிருந்து வண்டியை முதலில் ஆண் கைதான் எடுக்க வேண்டுமாம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பழம் நசுங்கியது. வாய்க்கால் திருப்பத்தில் முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரில் பாரத்தைப் போட்டிருக்கிறார். அது மளுக்கென்று கீழே இறங்கிவிட்டது. பெரியப்பா, செண்டுமல்லி மாலை, வண்டி மூன்றும் கணுக்கால் தண்ணீரில் கிடந்தன.

முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பெரியம்மா, "பூஜையில வெச்ச வண்டி உழுந்துருச்சே, சாமி குத்தமாப் போச்சே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே தீர்ப்பைச் சொன்னார். "பொம்பளை கைபட்ட வண்டின்னா இப்படித்தான் ஆகும்."

அம்மா வாய்க்காலில் இறங்கி வண்டியைப் பார்த்தாள். தளர்ந்த போல்ட்டைப் பார்த்தாள். சந்தனத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், என் முகத்தை அல்ல, கிரீஸ் அப்பிய நகத்தை. நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"சாமி குத்தமெல்லாம் இல்லீங்க" என்றாள். "நாந்தானுங்க ஹேண்டில்பாரைத் திருப்புனேன். எனக்குத் தோள் வலி தாங்கலீங்க."

அடேயப்பா, அதற்குப் பிறகு எழுந்த சத்தம்! சாமியிடம் வைத்த ஆயுதத்தைத் தொட்டாளாம், வீட்டு ஆண்பிள்ளையைக் கொல்லப் பார்த்தாளாம். பெரியப்பா போனில் அப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மஸ்கட்டிலிருந்து அப்பா, "சாவியை அண்ணங்கிட்டக் குடுத்துரு" என்றார். தோள் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

அம்மா சாவியைக் கொடுத்தாள். பெரியப்பா ஹேண்டில்பாரைப் பழையபடி முன்னால் தள்ளி, தன் கையால் இறுக்கி, வண்டியைத் தன் வீட்டு ஷெட்டில் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அவருடைய கேன் எங்கள் வாசலில் இருந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்துவிட்டு, "நடந்து போறனுங்க. ஒரு கேனுக்குத்தானுங்க கையில தெம்பிருக்குது" என்று சொல்லிவிட்டு எங்கள் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

பெரியப்பாவே வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மணிக்கு சொசைட்டி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே யாரோ, "ஏனுங்க, ஊட்டுல பொம்பளைங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்களாம். பெரியப்பாவும் அம்மா உயரம்தான் இருப்பார். மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் தைலம் தேய்த்துக்கொண்டார். நாலாம் நாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அம்மாவுக்கு மூன்று வருடம் வலித்தது; தைலத்தைத் தவிர எதுவும் வரவில்லை. அவருக்கு மூன்று நாள் வலித்தது. ஸ்பேனர் செட்டோடு மெக்கானிக் படியேறி வந்தார். அப்பாவின் லீவு என்ன ஆயிற்று, யாரும் கை வைக்கக் கூடாது என்ற சட்டம் என்ன ஆயிற்று என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகவே கேட்டேன். பெரியம்மா, "வாயைப் பாரு!" என்றாள்.

வேலை முடிந்ததும் பெரியப்பா சாவியை நீட்டினார், ஏதோ தோப்பையே எழுதிக் கொடுப்பவரைப் போல. "வண்டி இப்பத்தான் பக்குவமா இருக்குது அம்மிணி. நீயே எடுத்துக்க."

அம்மா சாவியை வாங்கவில்லை. முதலில் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். "இன்னும் ஒரு விரக்கடை இந்தப் பக்கம் வரோனுமுங்க" என்றாள் மெக்கானிக்கிடம். "சீட்டுக் குழியும் அப்படியே இருக்குது. அதையும் பாத்துருங்க." மெக்கானிக் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கழுத்தைத் தடவிக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தார். மெக்கானிக் போல்ட்டைத் தளர்த்தினார். எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா சாவிக்குக் கை நீட்டினாள்.

ஹேண்டில்பாரைத் திருப்பினால் தோள் வலி போகும் என்று ஊரில் இன்றுவரை யோசனை சொல்பவர் பெரியப்பா. கண்டுபிடித்ததே அவர்தானாம். கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது, சொல்லுங்கள்!

ஆனால் நானும் பல வருடம் இந்தக் கதையைத் தப்பாகத்தான் சொல்லிவந்தேன். என்னை அடியிலிருந்து காப்பாற்ற அம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று சொல்லிக் கண்கலங்குவேன். பதினோரு வயதுப் பிள்ளையை யார் அடித்திருப்பார்கள்? "கொழந்தை தெரியாமப் பண்ணிருச்சுங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்; அவள் தோளைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது. ஹேண்டில்பாரும் பழைய இடத்துக்கே போய், அங்கேயே நின்றிருக்கும்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, வெகு நாளுக்குப் பிறகு, அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இரட்டைச் சடை பின்னினாள். வலது கை தடையில்லாமல் மேலே வந்தது. ரிப்பனை இழுத்து முடிந்துவிட்டு, என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"திருப்புனயே, இறுக்கறதுக்கு என்னையக் கூப்புட்டிருக்கலாமல்ல?"

திட்டுகிறாள் என்று நினைத்து, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதேன்.