பூட்டிய வீட்டில் சோற்று வாசனை

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கும் முன்னால் அறந்தாங்கியில் நடந்தது இது. என் நாத்தனார் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார். வீட்டுச் சாவி என்னிடம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். ஆள் அங்கே, சாவி இங்கே. வெள்ளிக்கிழமைதோறும் போய்த் திறந்து, கூட்டிவிட்டு, மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு வருவேன். ஒரு சாமான் காணாமல் போனாலும் பேச்சு எனக்குத்தான். அதனால் எந்நேரமும் திருடன் பயம்.

அன்று ஜும்மா முடிந்து தெரு அடங்கியிருந்தது. கதவைத் திறந்தேன். கூட வந்த என் ஐந்து வயது மகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குப்பென்று சோற்று வாசனை. அப்போதுதான் வடித்த பாஸ்மதிச் சோறு மாதிரி. அந்த வீட்டில் சிலிண்டரே கிடையாது. எவனோ உள்ளே தங்கி ஆக்கித் தின்கிறான் என்று நினைத்தேன். மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெளியே பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டுத் தெருவைக் கூப்பிட்டேன்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கம்போடு வந்தார்.

"பூட்டிட்டீங்களா தங்கச்சி? நல்ல காரியம். இனி எங்கிட்டும் போக முடியாது. பாப்பா எங்க?"

வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

பூட்டில் சாவி நுழையவில்லை. பதற்றத்தில் அதைத் தலைகீழாகத் திணித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கடைசியில் அவர் சாவியைப் பிடுங்கித் திறந்தார்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "சத்தம் போடாதம்மா. மேல நாய் குட்டி போட்டிருக்கு" என்றாள்.

மேலே ஏறிப் பார்த்தோம். பரணில், பழைய மெத்தைக்குப் பின்னால், கறுத்த முகமும் நீண்ட வாலுமாக ஒன்று பல்லைக் காட்டிச் சீறியது. வயிற்றடியில் குட்டிகள்.

"மரநாய், தங்கச்சி. சோத்து வாசனை இதோட வாடைதான். பொணம் தோண்டுற சனியன், அடிச்சுப்புடுவோம்" என்று அவர் கம்பை ஓங்கினார்.

"கம்பக் கீழ போடுங்கண்ணே. அது குட்டிய விட்டுட்டு ஓடல. நான்தான் ஓடுனேன்."

அவர் கம்பைச் சுவரோரம் சாத்தினார்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, அங்கேயும் ஒபோசம் என்று ஒரு பிராணி வீட்டுக் கூரையில் வந்து ஒண்டும் என்றாள். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பேச்சில் அந்தப் பெயருக்கு வெள்ளை நாய் மாதிரியான மிருகம் என்று பொருளாம். அதுவும் நாய் இல்லை, இதுவும் நாய் இல்லை. இருட்டில் இரண்டு கண்ணைப் பார்த்தவன் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சோற்று வாசனையைத் திருடன் என்றவள் நான்.

மழை விட்டதும் மரநாய் குட்டிகளோடு போய்விட்டது. சாவி இன்னும் என்னிடம்தான். ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது எந்தக் கதவையும் பூட்டுகிறேன்; பயம் வந்தால் என் கை எதை முதலில் காப்பாற்றும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.